நீலம் வரும்வரை

பிளாஸ்மிட்டை, அதாவது மரபணுவைச் சுமக்கும் சின்ன வளைய டிஎன்ஏவை, கட்டி முடிக்க ஐந்து வாரம் ஆனது. அதை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவுக்குள் அனுப்ப ஆறு மாதம். ஆராய்ச்சியின் இரண்டாம் ஆண்டு எனக்கு இப்படித்தான் போனது. இதே வேலையைத் தொடங்கும் யாருக்காவது அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் மழையில் எழும் மண்வாசம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள் வெளிவிடும் ஜியோஸ்மினின் வாசம். ஸ்ட்ரெப்டோமைசினையும் டெட்ராசைக்ளினையும் நமக்குத் தந்தது இந்த இனம். நான் எடுத்துக்கொண்டது ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோலிகலர். மரபியலாளர் டேவிட் ஹாப்வுட் 1950களிலிருந்து ஆராய்ந்தது இதைத்தான். இதன் முழு மரபணுத் தொகுதி 2002இல் வெளியானது. ஆக்டினோரோடின் என்ற நீல நிற ஆன்டிபயாடிக்கை இது சுரக்கும். வேலை நடந்ததா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

எங்கள் ஆய்வகத்துக்கு என்று ஒரு வெக்டர், அதாவது மரபணுவை ஏற்றிச் செல்லும் பிளாஸ்மிட், செய்ய வேண்டும்: உள்ளே எந்த மரபணுவை வைத்தாலும் அதை வலுவாக ஓட்டும் புரமோட்டர் என்ற டிஎன்ஏ துண்டோடு. முகம் தெரியாத மரபணுக்களை ஏற்றுவதற்கு முன், விடை தெரிந்த கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொன்னார் என் வழிகாட்டி மேடம். நீலத்துக்கான சுவிட்ச் மரபணுவை, அதாவது ஆக்ட்டூ-ஓஆர்எஃப்4ஐ, கூடுதலாக ஒரு பிரதி வைத்தால் நீலம் கூட வேண்டும்.

பிஐஜே702 என்ற பிளாஸ்மிட் மேல் எனக்கு ஆசை இருந்தது. அதில் கறுப்பு நிறமி தரும் மெலனின் மரபணு உண்டு. நம் துண்டு அதன் நடுவே போய் உட்கார்ந்தால் காலனி கறுக்காது. ஆனால் செல்லுக்குள் அது தனியாகத் திரியும் பிளாஸ்மிட். அதைத் தக்கவைக்க மீடியாவில் ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிசெட்152 அப்படியல்ல. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபைசி31 என்ற ஃபாஜ் வைரஸின் இன்டக்ரேஸ், அதாவது டிஎன்ஏவை இணைக்கும் நொதி, அதில் இருப்பதால் குரோமோசோமிலேயே போய்ச் சேர்ந்துவிடும். அதையே எடுத்து, எர்ம்இ ஸ்டார் புரமோட்டரைச் சேர்த்தேன். கோலிகலரின் டிஎன்ஏவில் 72 சதவீதம் ஜி, சி எழுத்துகள். அதனால் பிசிஆர், அதாவது டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் வேலை, முதலில் ஓடவே இல்லை. 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேர்த்த பிறகுதான் ஜெல்லில் பட்டை விழுந்தது.

அடுத்தது புரோட்டோபிளாஸ்ட். லைசோசைம் போட்டுச் செல்சுவரைக் கரைத்து, பெக் என்ற வேதிப்பொருள் சேர்த்து டிஎன்ஏவை ஏற்றும் முறை. ஒரு காலனிகூட வரவில்லை. கிளைசினைக் கூட்டினேன், குறைத்தேன். லைசோசைம் நேரத்தை மாற்றினேன். சுக்ரோஸ் பாட்டிலைக்கூடச் சந்தேகப்பட்டேன். நான்கு மாதம் போனது. டிஎன்ஏ ஏற்றாத புரோட்டோபிளாஸ்ட் நன்றாகவே முளைத்து வந்தது. தவறு வேறெங்கோ என்பதற்கு அந்த ஒரு பிளேட்டே சாட்சி. நான்தான் அதைச் சரியாகப் படிக்கவில்லை.

ஒருநாள் டீ குடிக்கும்போது சீனியர் அக்கா கேட்டார்: “பிளாஸ்மிட்ட எந்த ஸ்ட்ரெயின்லேர்ந்து எடுத்தே?”

“டிஹெச்5 ஆல்ஃபாதான் அக்கா.”

“அப்ப எப்படிம்மா உள்ளே விடும்? மெத்தில் இருந்தா கோலிகலர் வெட்டிப் போட்டுடுமே!”

டிஹெச்5 ஆல்ஃபா, பிளாஸ்மிட் பெருக்க நாங்கள் வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு வகை. சாதாரண ஈ.கோலை தன் டிஎன்ஏவில் ஜிஏடிசி என்று வரும் இடங்களில் மெத்தில் குறி வைக்கும். கோலிகலருக்கு அந்தக் குறிதான் அந்நியன் என்பதற்கு அடையாளம். நான் ஒவ்வொரு முறையும் அடையாளத்தோடேயே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இடி12567 என்ற ஈ.கோலைக்கு அந்தக் குறி வைக்கத் தெரியாது. அதற்குள் பியூஇசட்8002 என்ற இன்னொரு பிளாஸ்மிட்டும் இருக்கும். அது தான் நகராமல் நம் பிளாஸ்மிட்டைப் பக்கத்துச் செல்லுக்குத் தள்ளிவிடும். புரோட்டோபிளாஸ்ட்டே வேண்டாம் என்று கான்ஜுகேஷனுக்கு, அதாவது ஒரு பாக்டீரியாவே இன்னொன்றுக்கு டிஎன்ஏவைக் கடத்தும் முறைக்கு, மாறினேன். ஸ்ட்ரெப்டோமைசிஸின் ஸ்போர்களை (வித்துகளை) 50 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி, ஈ.கோலையோடு கலந்து, சோயா மாவும் மானிட்டாலும் சேர்த்த பிளேட்டில் பரப்ப வேண்டும். இந்த மீடியாவுக்குக் குழாய்த் தண்ணீர்தான். ஆட்டோகிளேவ் இரண்டு முறை. கலப்பதற்கு முன் ஈ.கோலையை எல்பி என்ற வளர்ப்புத் திரவத்தில் இரண்டு தடவை கழுவ மறக்காதீர்கள், ஒட்டியிருக்கும் ஆன்டிபயாடிக் ஸ்போரைப் பாதிக்கும். மக்னீசியம் குளோரைடும் 10 மில்லிமோலார் இருக்கட்டும்.

30 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் கழித்து ஓவர்லே, அதாவது பிளேட்டின் மேல் மருந்து கலந்த தண்ணீரை ஊற்றுவது: ஈ.கோலையைக் கொல்ல நாலிடிக்சிக் அமிலம், பிளாஸ்மிட் ஏறாத ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தடுக்க ஆப்ராமைசின். என் முதல் முயற்சியில் பிளேட் ஈரமாக இருந்தது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. அடுத்த முறை பிளேட்டுகளை ஹூட்டுக்குள் திறந்து வைத்து நன்றாக உலர்த்தினேன்.

நான்காம் நாள் காலை 17 காலனிகள். எண்ணிவிட்டு மறுபடி எண்ணினேன். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டும்போது பேச்சு வரவில்லை.

நாலிடிக்சிக் அமிலத்தில் இரண்டு முறை கீறி வளர்த்து ஈ.கோலையைத் துடைத்தேன். குரோமோசோமும் பிளாஸ்மிட்டும் சேரும் இடத்தைப் பிசிஆரில் உறுதி செய்தேன். பிறகு காலி பிசெட்152 ஏறியதையும் என்னுடையதையும் ஒரே பிளேட்டில் பக்கத்தில் பக்கத்தில் கீறி வைத்தேன். மூன்றாம் நாள் பிளேட்டைத் திருப்பினேன். காலி பிளாஸ்மிட் பக்கம் வெறும் இளஞ்சிவப்பு. என் பக்கம் அகார் முழுக்க நீலம் இறங்கியிருந்தது.