முதல் கார்பீன் எங்கிருந்து வந்துச்சு?

நேற்று சாயங்காலம் முனைவர் பட்டச் சேர்க்கைப் பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. நாகமலைப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் நின்றே அம்மாவுக்குப் போன் போட்டேன். பேச்சே வரவில்லை.

போன வருஷம் நேர்காணலில் ஒரே கேள்வியில் விழுந்தேன். ஒலிஃபின் மெட்டதிசிஸ் கேட்டார்கள்: இரண்டு ஆல்கீன்கள் இரட்டைப் பிணைப்பில் பிரிந்து பாதிகளை மாற்றிக்கொள்ளும் வினை. அது கார்பீன் (உலோகத்தோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன்) வழியே நடப்பதைக் காட்டும் ஷோவான் சுழற்சியை போர்டில் அழகாக வரைந்தேன். "வினையூக்கி சிலிக்கா மேல டங்ஸ்டன் ஆக்சைடுன்னு சொன்னீங்க. அதுல கார்பனே இல்லையே தம்பி, முதல் கார்பீன் எங்கிருந்து வந்துச்சு?" பதில் இல்லாமல் நின்றேன்.

கிரப்ஸ் வினையூக்கியிலேயே (இதே வினைக்கான ருத்தேனியச் சேர்மம்) ஊறியவர்கள் இங்கேதான் சறுக்குகிறோம். அதில் கார்பீன் பாட்டிலிலேயே ருத்தேனியத்தோடு வருகிறது. ஆக்சைடில் இருப்பதோ உலோகம்–ஆக்சிஜன் பிணைப்புதான். அதை உயிர்ப்பிப்பது, உள்ளே வரும் ஆல்கீனே.

இதே வகை வினையூக்கியான மாலிப்டினம் ஆக்சைடை எடுங்கள். சிலிக்காவில் ஒட்டிய தனி ஆக்சோ மையம் (ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் உள்ள உலோக அணு), ஆக்சிஜனேற்ற எண் +6. புரோப்பீன் ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கி அசிட்டோனாகவோ அசிட்டால்டிஹைடாகவோ வெளியேறும், உலோகம் +4. அடுத்த புரோப்பீன் அதில் ஒட்டி, ஹைட்ரஜன் இடம் மாறி, ஆல்கிலிடீன் ஆகும், அதுதான் நாம் தேடும் கார்பீன்; கணக்கில் மறுபடி +6. விட்டிக் பாணியில் ஆக்சோவும் ஆல்கீனும் நேரே பரிமாறிக்கொள்ளும் வழியும் பேசப்படுகிறது. அதில் எண் மாறாது. இரண்டையும் சொல்லுங்கள். மேற்பரப்பு மையங்களில் கொஞ்சம்தான் இப்படி விழித்துக்கொள்ளும் என்பதையும் விடாதீர்கள்.

நான் புதிதாகச் செய்தது ஒன்றுதான்: ஒவ்வொரு அம்புக்குறிக்குக் கீழும் ஆக்சிஜனேற்ற எண்ணை எழுதினேன். நத்தம் ரோடு கலைஞர் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டு முழுக்க இதையே போட்டேன். கூட்டமாகப் படித்தால் எனக்கு ஏறாது, தனியாகத்தான்.

மற்றவை சுருக்கமாக:
- அலுமினா மேல் ரீனியம் ஆக்சைடு அறை வெப்பத்திலேயே வேலை செய்யும். சிலிக்கா மேல் டங்ஸ்டனுக்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும்.
- வினையூக்கியை முன்கூட்டிச் சூடாக்குவது ஈரத்தை ஓட்டவும்தான். தண்ணீர் இதற்கு நஞ்சு.
- ரீனியத்தோடு டெட்ராமெத்தில் டின் சேர்ப்பது ஏன் என்று கட்டாயம் படியுங்கள். கார்பீனுக்கான கார்பன் அங்கே வெளியிலிருந்து வருகிறது.
- பிலிப்ஸ் ட்ரைஒலிஃபின் ஆலை, கனடா, 1966. புரோப்பீனிலிருந்து எத்திலீனும் பியூட்டீனும். இன்று ஆலைகள் அதையே திருப்பி ஓட்டிப் புரோப்பீன் எடுக்கின்றன.

இந்த முறையும் அதே தலைப்பு. சுழற்சியை வரையுமுன் போர்டின் மூலையில் +6, +4, +6 என்று எழுதி, அசிட்டோனை வெளியே போட்டேன். நேர்காணல் குழுவின் நடுவில் இருந்த பேராசிரியை, "சரி, அடுத்ததுக்குப் போவோம்" என்றார்.