வளர்ந்த பிறகு பள்ளிப் படிப்பை முடிப்பது: அமெரிக்காவில் ஜிஇடி எழுத நினைப்பவர்களுக்கு

வேலைக்கான விண்ணப்பமோ கல்லூரி விண்ணப்பமோ, அமெரிக்காவில் எதை எடுத்தாலும் ஒரு கேள்வி வந்துவிடும்: ஹைஸ்கூல் டிப்ளமா அல்லது அதற்குச் சமமான சான்றிதழ் இருக்கிறதா? ஊரில் பத்தாவதுக்கு முன்போ பின்போ படிப்பு நின்றுபோய், கல்யாணமாகி இங்கே வந்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் கை தயங்கும். நானும் அப்படித் தயங்கியவள். வேலை, சமையல், பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் நடுவில், அந்தச் சமமான சான்றிதழைத் தரும் ஜிஇடி தேர்வை எழுதித் தேறினேன். இது முடியக்கூடிய காரியம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஜிஇடி 1942-ல், இரண்டாம் உலகப் போர் சமயத்தில், பள்ளியை முடிக்காமல் ராணுவத்துக்குப் போனவர்களுக்காகத் தொடங்கியது. இப்போது முழுக்கக் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். மொழித்திறன், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று நான்கு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் 100-லிருந்து 200 வரை, தேற 145 வேண்டும். ஒரு பாடத்தில் அதிகம் வாங்கி இன்னொன்றை ஈடுகட்ட முடியாது, நான்கிலும் 145 எடுத்தாக வேண்டும். ஆனால் நான்கையும் ஒரே நாளில் எழுதத் தேவையில்லை. இஷ்டப்பட்ட வரிசையில், ஒவ்வொன்றாக எழுதலாம். நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் பெரிய வசதி: ஒரு நேரத்தில் ஒரே பாடம், அது முடிந்ததும் அடுத்தது. சில மாநிலங்களில் இதே மாதிரி சான்றிதழுக்கு ஹைசெட் என்ற தேர்வும் உண்டு. கட்டணமும் விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் முதலில் உங்கள் மாநிலக் கல்வித் துறையின் தளத்தைப் பாருங்கள்.

இந்தத் தேர்வைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்றுதான். இது மனப்பாடத் தேர்வு இல்லை, வாசிப்புத் தேர்வு. நாம் வளர்ந்த முறையில் தேர்வு என்றால் நோட்ஸ், கேள்வி பதில், ஒப்பித்தல். அந்தப் பழக்கத்தோடு சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் ஜனாதிபதிகளின் பட்டியலை உருப்போட ஆரம்பித்துவிடுவோம். அது வேண்டாம். கேள்வியோடு ஒரு பத்தியோ வரைபடமோ கொடுத்துவிடுவார்கள். விடை பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும்.

சமூக அறிவியலில் பாதி, குடிமையியலும் அரசாங்கமும்தான். இந்தியாவில் பிரதமர் நாடாளுமன்றத்திலிருந்து வருகிறார். இங்கே ஜனாதிபதி தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார், காங்கிரஸில் (இங்குள்ள நாடாளுமன்றத்தில்) உறுப்பினராக இருக்க முடியாது. அவர் ஒரு மசோதாவை வீட்டோ செய்தால், அதாவது நிராகரித்தால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு காங்கிரஸ் அந்த நிராகரிப்பை மீறிச் சட்டமாக்கலாம். யாருக்கு எந்த அதிகாரம், அதை யார் தடுக்கலாம் என்பது மனதில் பதிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அறிவியலும் இதே மாதிரிதான். சோதனையை எப்படிச் செய்தார்கள், எதை மாற்றினார்கள், எதை அளந்தார்கள், வரைபடம் என்ன சொல்கிறது என்று பார்க்கப் பழகினால் போதும்.

மொழித்திறன் தேர்வில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள், காரணம் கட்டுரை. 45 நிமிடம். ஒரே விஷயத்தைப் பற்றி எதிரெதிர்க் கருத்துள்ள இரண்டு பத்திகள் வரும். உதாரணமாக, பிளாஸ்டிக் பையைத் தடை செய்ய வேண்டும் என்று ஒருவர், வேண்டாம் என்று இன்னொருவர். உடனே நம் மனசு பிளாஸ்டிக் கெடுதல் என்று எழுதத் துடிக்கும். கேள்வி அதுவல்ல. இருவரில் யார் தன் வாதத்துக்கு நல்ல ஆதாரம் காட்டியிருக்கிறார் என்பதுதான் கேள்வி. தடை வேண்டாம் என்பவர் ஆய்வு முடிவும் எண்ணிக்கையும் தந்து, தடை கேட்பவர் உணர்ச்சியோடு மட்டும் பேசியிருந்தால், உங்கள் சொந்தக் கருத்து எதுவானாலும் ஆதாரம் தந்தவரின் வாதமே வலுவானது என்று எழுத வேண்டும். அவர் சொன்ன வரிகளை எடுத்துக் காட்டி, அது ஏன் நம்பத்தக்கது என்று விளக்குங்கள். மற்றவர் எங்கே வெறுமனே சொல்லிவிட்டுப் போகிறார் என்றும் காட்டுங்கள். கட்டுரைப் பெட்டியில் எழுத்துப்பிழையைத் திருத்தித் தராது. அதனால் தினமும் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் டைப் செய்து பழகுவது அவசியம்.

அப்புறம் கணிதம். பாதிக்கு மேல் அல்ஜிப்ரா. முதல் ஐந்து கேள்விகளுக்குக் கால்குலேட்டர் கிடையாது, பின்னம், அடுக்கு, குறை எண்கள் கையால் வர வேண்டும். பிறகு திரையிலேயே டிஐ-30எக்ஸ்எஸ் கால்குலேட்டர் கிடைக்கும், சூத்திரத் தாளும் கொடுப்பார்கள். அந்தக் கால்குலேட்டரில் விடை பின்னமாக வந்து நிற்கும், தசமமாக மாற்றத் தனி பட்டன் உண்டு. அதைத் தேர்வு நாளில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

நேர்கோட்டுச் சமன்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு மெக்கானிக் 2 மணி நேர வேலைக்கு 50 டாலரும், 5 மணி நேரத்துக்கு 95 டாலரும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 3 மணி நேரம் கூடினால் 45 டாலர் கூடுகிறது, ஆக மணிக்கு 15 டாலர். அதுதான் சாய்வு. 2 மணி நேரத்துக்கு 30 டாலர் போக மீதி 20 டாலர், அவர் வந்ததற்கான நிலைக் கட்டணம். மணி நேரத்தை x என்றும் மொத்தத் தொகையை y என்றும் வைத்தால், y = 15x + 20. இதைப் புரிந்து போடத் தெரிந்தால் அட்டவணை, வரைபடம், வாக்கியக் கணக்கு எல்லாமே ஒரே கணக்காகத் தெரியும். அடி, அங்குலம், பாரன்ஹீட் அளவுகளையும் பழகிக்கொள்ளுங்கள், நாம் படித்தது மீட்டரும் செல்சியஸும்.

தேர்வு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டுமே இருக்கிறது. ஆங்கிலப் பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ளவே நேரமாகிறது என்றால், அதை முதலில் சரிசெய்யுங்கள். அடல்ட் ஸ்கூல், கம்யூனிட்டி காலேஜ், பொது நூலகம் என்று பல இடங்களில் ஆங்கில வகுப்பும் ஜிஇடி வகுப்பும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ நடக்கும். அந்த வகுப்பில் நம்மைவிட வயதானவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்த்தாலே கூச்சம் விலகிவிடும்.

தேதி குறிப்பதற்கு முன் ஜிஇடி ரெடி என்ற அதிகாரப்பூர்வப் பயிற்சித் தேர்வை எழுதிப் பாருங்கள். நிஜத் தேர்வில் பாதி நீளம். முடிவு நிறமாக வரும்: பச்சை வந்தால் போய் எழுதலாம், மஞ்சளோ சிவப்போ வந்தால் இன்னும் படிக்க வேண்டும். வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதவும் பல மாநிலங்களில் வழி உண்டு, ஆனால் அதற்குக் கடந்த 60 நாளுக்குள் பச்சை வாங்கியிருக்க வேண்டும். வெப்கேமில் கண்காணிப்பார்கள், அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் தேர்வு மையத்துக்குப் போவதே நிம்மதி.

படிக்காமலே வீட்டிலிருந்து டிப்ளமா என்று விற்கும் தளங்களில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். தேர்வு எழுதாமல் கிடைக்கும் ஜிஇடி என்று ஒன்று கிடையாது.

ஒரு பாடம் போய்விட்டால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும், தேறியவை அப்படியே இருக்கும். 165-ம் அதற்கு மேலும் வாங்கினால் கல்லூரிப் படிப்புக்குத் தயார் என்று மதிப்பெண் பட்டியலிலேயே வரும், சில கல்லூரிகள் நுழைவுநிலைத் தேர்வைத் தள்ளுபடி செய்யும். 175-ம் அதற்கு மேலும் வாங்கினால் சில இடங்களில் கிரெடிட்டே தருவார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் கம்யூனிட்டி காலேஜ் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் அன்றைக்கே கல்வி உதவிக்கான பாஃப்சா என்ற விண்ணப்பப் படிவத்தைப் பற்றியும் கேளுங்கள். ஜிஇடி முடித்தவர்களும் மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.