கோலாலம்பூரா, நிபோங் திபாலா? கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கிய கதை

தனியார் பல்கலைக்கழகத்தில் முன்பணமாகக் கட்டிய 1,500 ரிங்கிட் போன வாரம்தான் அப்பாவின் கணக்குக்குத் திரும்பி வந்தது. அது வந்த பிறகுதான் எழுதவே மனம் வந்தது. மலேசியாவில் எஸ்.டி.பி.எம். என்ற பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வை முடித்துவிட்டு, இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து அழைப்பு வந்து தவிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், எங்கள் அலைச்சல் அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

எனக்குக் கிடைத்தவை இரண்டும் மின்னியல், மின்னணுப் பொறியியல்தான். ஒன்று, செந்தூலில் எங்கள் வீட்டிலிருந்து எல்.ஆர்.டி. நகர ரயில் பிடித்தே போய்வரக்கூடிய ஒரு தனியார் பல்கலைக்கழகம். இன்னொன்று, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யூ.பி.யூ வழியாகப் பினாங்கிலுள்ள அரசுப் பல்கலைக்கழகமான யூ.எஸ்.எம். இரண்டு விண்ணப்பமும் சிக்கலில்லாமல் முடிந்தன. தொல்லை தொடங்கியது தேதியில்தான். தனியாரில் அழைப்புக் கடிதம் சீக்கிரமே வந்துவிடும். யூ.பி.யூ முடிவு அதற்கு வெகுநாள் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் தினமும் போன் வரும்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டிடுங்க, இடம் முடிஞ்சிடும்" என்றார் சேர்க்கைப் பிரிவு அக்கா. அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போனோம். அப்பா லாரி ஓட்டுகிறார், அன்றைக்கு ஒரு நடை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். "யூ.பி.யூ கிடைச்சிட்டா காசு திரும்பக் கிடைக்குமாம்மா?" என்று கேட்டார். "கண்டிப்பா கிடைக்கும் அங்கிள், எல்லாருக்கும் கொடுக்கிறோம்" என்றார் அவர். "சரி, அதையே இமெயில்ல எழுதி அனுப்பிடும்மா. பார்த்ததும் கட்டிடறேன்" என்று அப்பா எழுந்துவிட்டார். அந்த அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சாயங்காலம் இரண்டு வரியில் இமெயில் வந்தது: பதிவுக் கட்டணம் போக, கல்விக் கட்டண முன்பணம் யூ.பி.யூ கடிதம் காட்டினால் திருப்பித் தரப்படும். பிறகுதான் அப்பா பணம் கட்டினார். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அந்த இரண்டு வரிதான்.

யூ.பி.யூ முடிவு வந்ததும் வீட்டில் பெரிய விவாதம். அம்மாவுக்கு நான் வெளியூர் போவதில் இஷ்டமில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது பேச்சு அடங்கியது. தனியாரில் நான்கு ஆண்டுக்கு 90,000 ரிங்கிட்டுக்கு மேல். யூ.எஸ்.எம்மில் கல்விக் கட்டணம் அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும், விடுதிச் செலவு தனி. பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் இருக்கிறதே என்பார்கள். அது குடும்ப வருமானத்தைப் பொறுத்து முழுத்தொகை, 75 விழுக்காடு, 50 விழுக்காடு என்று மாறும், ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணமும் உண்டு. முழுத்தொகை கிடைத்தாலும் தனியார் கட்டணத்தில் ஒரு பகுதியைத்தான் தாங்கும். எதற்கும் எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கை முன்கூட்டியே திறந்து வையுங்கள். அது இல்லாமல் கடன் விண்ணப்பம் நகராது.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அங்கீகாரம். "எம்.க்யூ.ஏ. அங்கீகாரம் இருக்கு" என்று தனியார் பல்கலைக்கழக முகப்பில் சொன்னார்கள். உயர்கல்விப் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பு அது. தேடிப் பார்த்தால் தற்காலிக அங்கீகாரம் மட்டும்தான், படிப்பே புதியது. பொறியியலுக்கு, அந்தப் படிப்புகளை அங்கீகரிக்கும் மன்றமான இ.ஏ.சி. தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் படிப்பின் பெயரோடு நிறுத்திவிடாமல், எந்தெந்த ஆண்டு பட்டதாரிகளுக்கு என்பதையும் பாருங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009இல் முழு உறுப்பினரானது. அதனால் அந்தப் பட்டியலில் உள்ள பட்டம் ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளிலும் மதிக்கப்படும். அவ்வளவு பணம் கொட்டிவிட்டு, முழு அங்கீகாரம் எப்போது வரும் என்று காத்திருக்க எனக்கு மனமில்லை. பினாங்கில் இன்னொரு அனுகூலமும் உண்டு. பாயான் லெப்பாஸில் 1970களிலிருந்தே மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, பக்கத்தில் இன்னொரு தொழில்நகரமான கூலிமும் இருக்கிறது. தொழிற்பயிற்சிக்கு அலைய வேண்டியதில்லை.

யூ.பி.யூ இடத்தை இணையத்தில் ஏற்றுக்கொள்ளக் கெடு உண்டு. தவறவிட்டால் இடம் போய்விடும். நான் அன்றே ஏற்றுக்கொண்டு, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்தேன்.

அப்புறம்தான் பணத்தைத் திரும்பக் கேட்கும் படலம். தனியார் பல்கலைக்கழக முகப்பில் சொன்னது, "நிதிப் பிரிவுக்குப் போங்க." நிதிப் பிரிவில், "சேர்க்கைப் பிரிவு கையெழுத்து வேணும்." சேர்க்கைப் பிரிவில், "அந்த ஆபீசர் இப்ப இங்க வேலை செய்யலை." அசல் ரசீது கேட்டார்கள், கொடுத்தோம். அடுத்த முறை போனபோது அப்பாவின் வங்கி அறிக்கை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் வேலை கெட்டிருக்காது. இத்தனைக்கும் கடைசியில், "முன்பணம் திரும்பத் தரும் வழக்கமே இல்லையே" என்று ஒருவர் சொன்னபோது எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அது அப்பா ராத்திரி ஓட்டம் ஓடிச் சம்பாதித்த காசு.

அப்பா குரலை உயர்த்தவில்லை. அந்த இமெயிலின் அச்சுப் பிரதியை மேசையில் வைத்து, தேதியையும் பெயரையும் விரலால் காட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், வெகுநேரம் கழித்து வந்து, படிவத்தில் முத்திரை குத்தினார். அதற்குப் பிறகும் பணம் வரவில்லை. உயர்கல்வி அமைச்சில் புகார் செய்யப் போகிறோம் என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, எல்லாப் பிரதிகளையும் இணைத்து அனுப்பினேன். அதன் பிறகுதான் நகர்ந்தது. பதிவுக் கட்டணம் போனது போனதுதான். அது எழுத்தில் இருந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆகவே, வாய்வார்த்தையை நம்பி ஒரு காசும் கட்டாதீர்கள். அனுப்பியவரின் பெயரும் தேதியும் இருக்கும்படி இமெயிலில் வாங்குங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் தேவையான தாள்களின் பட்டியலை அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். பல்கலைக்கழகத்தில் சேரும்போது கேட்கும் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். எக்ஸ்ரேக்குத் தனி நாள் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

யூ.எஸ்.எம். பொறியியல் கிடைத்தவர்களுக்கு இன்னொன்று. பினாங்கு என்றதும் உறவினர்கள் தீவில் அறை தேட ஆரம்பித்துவிடுவார்கள். தலைமை வளாகம் கெலுகோரில் இருந்தாலும், பொறியியல் வளாகம் பெருநிலத்தில், நிபோங் திபாலில் இருக்கிறது. தீவில், ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அத்தை எனக்காக அறையைக் காலி செய்து வைத்திருந்தார், பாவம். கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் பட்டர்வொர்த் வரை டிக்கெட் எடுக்க வேண்டாம். இ.டி.எஸ். ரயிலில் பாரிட் புந்தாரில் இறங்கினால் வளாகம் பக்கம். பெட்டிகளோடு வரும்போது அது பெரிய உபகாரம்.