சனிக்கிழமைச் சிட்டை

டிப்ளமோ முடித்து முதல் வேலைக்குப் போனது 2009இல். மதுரைக்கு வெளியே, திருமங்கலம் பக்கம் ஒரு மாடி வீடு. சைட் எஞ்சினியர் என்று பெயர்தான் பெரிது. சிமெண்ட் மூட்டை எண்ணுவதும் தண்ணி லாரிக்குப் போன் போடுவதுமாகப் பொழுது போகும். மேஸ்திரியை அங்கேதான் முதலில் பார்த்தேன். நாற்பத்தேழு வயது, கட்டம் போட்ட கைலி, காதில் செருகிய பென்சில். என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார். அந்த 'சார்' இரண்டாவது வாரமே கழன்று விழுந்தது. காரணம் ஒரு டேப்.

40க்கு 30 அடிக் கட்டடம். முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புக் கோடும் போட்டு வைத்திருந்தார். நான் என் டேப்பை எடுத்துக் குறுக்கே, மூலைக்கு மூலை பிடித்தேன். 50 அடி வர வேண்டிய இடத்தில் 50 அடி 6 அங்குலம் காட்டியது. விடுவேனா? ஆட்கள் எல்லோர் காதிலும் விழும்படி, "மேஸ்திரி, மூலை ஓடுது, பிரிச்சுக் கட்டுங்க" என்றேன். மூலை செங்கோணமாக இல்லை என்று அர்த்தம்.

அவர் கோபப்படவில்லை. பீடியைத் தேய்த்து அணைத்துவிட்டு, "இன்னொரு குறுக்கையும் பாருங்க சார்" என்றார். பார்த்தேன். அதுவும் 50 அடி 6 அங்குலம்.

"ரெண்டு குறுக்கும் சமம். எதிர் எதிர்ப் பக்கமும் சமம். அப்புறம் மூலை எப்படி ஓடும்? தப்பு நூல்ல இல்ல."

என் டேப்பின் முனையைக் கையில் வாங்கித் திருப்பிக் காட்டினார். எப்போதோ பிய்ந்துபோன அரை அடியை யாரோ வெட்டி எறிந்துவிட்டு, வளையத்தை மட்டும் மறுபடி கோத்திருந்தார்கள். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அவர் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆட்கள் சிரிக்க வாயெடுப்பதற்குள், "அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டணும், என்ன வேடிக்கை?" என்று ஒரு அதட்டல் போட்டார். அன்று சாயங்காலம் டீ வந்தபோது நான் 'தம்பி' ஆகியிருந்தேன். அவர் எனக்கு 'அண்ணே' ஆக இன்னும் ஒரு மாதம் பிடித்தது. கொஞ்சம் திமிர்தான்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து கட்டியிருப்போம். நனையாத செங்கல்லைத் தொட மாட்டார். அது கலவையில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பார். சாப்பாட்டுக்கு முன்னால் குழைத்த கலவை மிஞ்சிக் கிடந்தால், தண்ணீர் தெளித்து மறுபடி குழைக்க விட மாட்டார். தண்ணீர் பட்ட சிமெண்ட் அரை மணி நேரத்துக்குப் பிறகு இறுக ஆரம்பித்துவிடும், இறுகினால் அதை எழுப்ப முடியாது. "என் காசு வீணாகுதே" என்று வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். சொந்தக் கலவையைப் போல எடுத்து வெளியே கொட்டுவார்.

ஆனால் அவரைப் பற்றி யோசித்தால் எனக்கு முதலில் சனிக்கிழமைதான் ஞாபகம் வரும். ஐந்தரைக்குக் கொல்லறு, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாம் கழுவி ஓரமாகப் போய்விடும். ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து சிட்டையைப் பிரிப்பார். நீள நோட்டு, முழு நாளுக்கு ஒரு கோடு, அரை நாளுக்கு ஒரு புள்ளி. முதல் சம்பளம் சித்தாள் பெண்களுக்கு. சந்தைக்குப் போய், காய் வாங்கி, பஸ் பிடிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான் என்பது அவர் கணக்கு. அப்புறம் பெரியாள், அப்புறம் கொத்தனார்கள், கடைசியில் அவர். பணம் குறைந்தால் குறைவது அவர் பங்கு. அவர் மனைவியும் சித்தாளாக வந்து அவரைக் கட்டிக்கொண்டவர்தான். முன்வரிசை யாருக்கு என்பதை வீட்டிலேயே படித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அந்தச் சனிக்கிழமை வீட்டுக்காரர் ஒரு கட்டு பழைய 500 ரூபாய் நோட்டை நீட்டினார். வேறு இல்லை என்றார். மேஸ்திரி வாங்கிக்கொண்டார், ஆனால் ஒருவருக்கும் அதைக் கொடுக்கவில்லை. எல்லோரையும் தன் ஊர் மளிகைக் கடைக்குக் கூட்டிப் போய், அரிசி, பருப்பு, எண்ணெய் என்று வேண்டியதை எடுக்கச் சொல்லித் தன் பேரில் எழுதிக்கொள்ளச் சொன்னார். திங்கட்கிழமை முதல் பேங்க் வாசலில் நின்றார். அப்போது ஒருவர் 4,500 ரூபாய்தான் மாற்ற முடியும். வேலை நாலு நாள் நின்றது. எனக்கு எரிச்சல். "ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக் குடுத்திருந்தா அவங்கவங்க மாத்தியிருப்பாங்கள்ல?" என்று கேட்டேன். "வரிசையில நின்னா அவங்களுக்கு அன்னிக்குக் கூலி போச்சு தம்பி. எனக்கும் போகுதுதான், நான் பாத்துக்கிடுவேன்." இப்போதும் அதில் பாதிக்கு நான் உடன்படவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நின்றிருக்கலாம். உதவி கேட்பது மட்டும் அந்த மனிதருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் வேலை. ஊருணிப் படிக்கட்டு மூன்று வரிசை பெயர்ந்து கிடந்ததை ஒவ்வொரு ஞாயிறாக எடுத்துக் கட்டினார். சைட்டில் உடைத்து மிஞ்சிய அரை மூட்டை சிமெண்டை, வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். மழைக்காலத்தில் அது எப்படியும் கட்டியாகிவிடும். கேட்காமல் ஒரு செங்கல்கூடத் தூக்க மாட்டார்.

மகள் நர்சிங் முடித்தாள். மகனைச் சைட் பக்கம் வரவிடவே இல்லை. "நீங்க போனா இந்தக் கைவேலை யார்கிட்டண்ணே இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டேன். "உங்க பையன அனுப்புங்க, சொல்லித்தாரேன்" என்றார். பேச்சை மாற்றிவிட்டேன்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் வந்தது. பதிவு இருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு உதவி உண்டு. அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியம். தன்னிடம் வேலை பார்த்த ஒவ்வொருவரையும், போட்டோ எடுக்க வைத்து, ஜெராக்ஸ் போட்டு, அரை நாள் வேலையை விட்டுக் கூட்டிப் போய்ப் பதிந்தவர் அவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பதிவு செய்த கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அரசு 1,000 ரூபாய் அறிவித்தது. பணம் வந்ததும் ஒரு அம்மா எனக்குப் போன் போட்டு, "மேஸ்திரிக்கு வந்துச்சான்னு கேளுங்க தம்பி, எங்ககிட்ட சொல்ல மாட்டேங்குறாரு" என்றார்.

கேட்டேன். அஞ்சு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அட்டை, காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சிட்டையின் பின்பக்கம் எல்லோருடைய புதுப்பிப்புத் தேதியும் வரிசையாக எழுதியிருந்தது. அவர் பெயர் மட்டும் அதில் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் போனிலேயே கத்திவிட்டேன். ஐம்பத்தெட்டு வயது ஆளிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அந்தப் பக்கம், "சரி தம்பி, சரி தம்பி" என்று மட்டும் வந்தது.

ஊரடங்கு தளர்ந்ததும் நானே வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். வேலைச் சான்று என் லெட்டர் பேடில்தான் எழுதினேன். இன்னார் என்னிடம் மேஸ்திரியாகப் பணிபுரிகிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். காதில் இருந்த பென்சிலை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக வைத்துப் படித்தார்.

"மேஸ்திரின்னா ஆள வச்சு வேல வாங்குறவன் தம்பி. கொத்தனார்னு மாத்திப் போடுங்க."

வேறு தாள் எடுத்து எழுதிக் கொடுத்தேன்.