பீட்டில் எஞ்சினில் மூன்றாவது சிலிண்டர்

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் ஏர்கூல்டு எஞ்சினில் வால்வு இடைவெளி (வால்வின் முனைக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள சந்து) பார்க்க எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். தொட்டால் சுடவில்லை என்பது போதாது. ராத்திரி நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் பாருங்கள்.

அளவு 0.15 மி.மீ. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர், அதன் விளிம்பிலுள்ள கோட்டுக்கு நேராக வரும்போது முதல் சிலிண்டரின் முறை. அதன் இரண்டு வால்வையும் முடித்துவிட்டு, கிராங்க் புல்லியைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அரைச்சுற்று திருப்பினால் இரண்டாவது. அப்படியே மூன்று, நான்கு.

மூன்றாவது சிலிண்டரில்தான் எஞ்சினின் உயிர் இருக்கிறது. 1970 வரையான எஞ்சின்களில் ஆயில் கூலர் விசிறிக் கூண்டுக்குள்ளேயே காற்றை மறித்து நிற்கும். அதற்குக் கீழே உள்ள இந்தச் சிலிண்டருக்குக் காற்று குறைவு, அதுவும் சூடான காற்று. எக்ஸாஸ்ட் வால்வு பெரும்பாலும் இங்கேதான் முறியும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இடைவெளி குறைந்தே இருந்தால் வால்வு நீள்கிறது, அல்லது வால்வு உட்காரும் சீட் தேய்கிறது. திருகைத் தளர்த்தி இடைவெளியை மட்டும் சரிசெய்து நாள் கடத்தாதீர்கள், தயவுசெய்து சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுங்கள்.

ஆயில் 2.5 லிட்டர். ஃபில்டர் கிடையாது, வலைச் சல்லடை மட்டுமே. அதனால் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். சல்லடை மூடியின் ஆறு சின்ன நட்டுகளையும் பலங்கொண்டு முறுக்க வேண்டாம். நட்டு ஏறும் ஸ்டட்டின் மரை எஞ்சின் கேஸிலிருந்தே பிய்ந்து வந்துவிடும்.