குழவி இல்லாத அம்மி

நவம்பர் 4
எங்கள் லயத்துக் காம்பராவின் பின்சுவர் விரிசலில் இன்று என் சுண்டுவிரல் நுழைகிறது. நேற்று நுழையவில்லை.

நவம்பர் 5
மழை. நாங்கள் குடிபோக வேண்டிய புது வீடு, ஏழு பேர்ச் நிலத்தில் கட்டினது, அதன் சாவியை இந்தக் கிழமை தருவார்களாம். போன கிழமையும் இதைத்தான் சொன்னார்கள்.

நவம்பர் 7
சாமான் கட்டும்போது ஜன்னல் திட்டில் அந்தச் சில்லு அகப்பட்டது. நான் ஸ்கூல் போகிற காலத்தில், அப்பா தேயிலைக்கடியில் இரும்பு முள்ளால் மண் குத்தும்போது எடுத்துவந்து கொடுத்த வெங்கச்சங்கல், குவார்ட்ஸ். நகத்தளவுதான் இருக்கும், பிறை மாதிரி. நேர் விளிம்பில் இன்னும் விரல் அறுபடும். எங்கள் மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கம் ஆதி மனிதரின் இந்த மாதிரி நுண்கற்கருவிகள் கிடைப்பது நூறு வருடமாகத் தெரிந்த விஷயம். ஆனால் தொல்லியல் படிப்பிக்கும் மேடம் கேட்ட கேள்வி விடமாட்டேன் என்கிறது: "மனிசன் தட்டின கல்லா, அப்பாட முள்ளு பட்டு உடைஞ்ச கல்லா? எப்படிப் பிரிச்சுச் சொல்லுவீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. "பார்த்தாலே தெரியுது மேடம்" என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நவம்பர் 8
மழை விட்டது. அப்பாவின் முள்ளை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓடுகிற கானுப் பக்கம் போய் நாற்பது வெங்கச்சங்கல்லை உடைத்தேன். உடைகிற நேரத்தில் கருகின மாதிரி ஒரு வாசம். கை இன்னும் நடுங்குகிறது.

அமெரிக்கத் தொல்லியலாளர் பின்ஃபோர்ட் செய்ததும் இதைத்தானே? பிரான்ஸ் குகைகளில் கற்கருவிகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. வேறு வேறு கூட்டங்கள் விட்டுப்போனவை என்றார் பிரெஞ்சுத் தொல்லியலாளர் போர்த். வேறு வேறு வேலைக்கானவை என்றார் பின்ஃபோர்ட். கல்லை எத்தனை தரம் எண்ணினாலும் அந்தச் சண்டை தீராது. அதனால் 1969இல் அலாஸ்கா போனார். அங்கே வாழும் நுனாமியுத் பழங்குடி வேட்டைக்காரர்கள் எதை எங்கே வெட்டுகிறார்கள், எலும்பை எங்கே போடுகிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். நம் கையில் இருப்பது அசையாத மிச்சம். அதை உண்டாக்கிய அசைவைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் உயிரோடு இருக்கிறவர்களிடம்தான் போக வேண்டும். இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசையே வந்தது.

சரி, நாற்பது கல். மூன்று சில்லுகள் பிறை மாதிரியே விழுந்தன. வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் லென்ஸை வைத்துப் பார்த்தேன். அப்பா கொடுத்ததில் வளைந்த முதுகு நெடுகப் பொடிப்பொடியாகக் கொத்தியிருக்கிறது, எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து, வேண்டுமென்றே தட்டின மாதிரி. ஆறு வரை எண்ணினேன். நான் உடைத்த மூன்றிலும் அது இல்லை.

நிரூபணம் ஆகிவிட்டதென்று எழுத மாட்டேன். முள்ளு தற்செயலாகப் பிறையைத் தரும், முதுகுக் கொத்தலைத் தரவில்லை. நாற்பது கல்லில் தரவில்லை, அவ்வளவுதான். நானூறு உடைக்க வேண்டும்.

நவம்பர் 10
அம்மா அம்மியை விட்டுவிட்டுப் போகிறதாம். குழவியை மட்டும் பழைய சேலையில் சுற்றி வைத்திருக்கிறது.

நவம்பர் 11
"ஏம்மா?" "கனக்குது புள்ள."

நவம்பர் 13
அப்பாவுக்கு ராத்திரி பூரா இருமல். மண் சரிகிற சத்தமோ என்று இரண்டு தரம் எழுந்து உட்கார்ந்தேன்.

கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவு. 2014 அக்டோபர் 29, காலை நேரம். லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின.

பழைய குடியிருப்பு என்றால் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரம் மாதிரி ஒரு நிமிடத்தில் உறைந்து கிடக்கும் என்று நினைக்கக்கூடாது, பெரும்பாலான இடங்கள் மெல்லக் காலியாகி, பொறுக்கப்பட்டு, சிதைந்தவை என்று 1961இலேயே தொல்லியலாளர் ஆஷர் எழுதியிருக்கிறார். பொருட்கள் இருந்த இடத்திலேயே அகப்பட்டால் ஆய்வுக்கு எவ்வளவு நல்லது என்று வகுப்பில் நானும் தலையாட்டியிருக்கிறேன். இனி முடியாது. எங்கள் காம்பராவில் எதுவுமே அகப்பட வேண்டாம். அடுப்புக் கரியும் உடைந்த பீங்கானும் போதும்.

நவம்பர் 14
மிஞ்சுவதை எழுதி வைக்கிறேன். கூடை கொக்கி இரண்டு. கால் இல்லாத பலகை. சாமி மாடத்தில் எண்ணெய்க் கறை. இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையின் தூணில் தம்பியின் உயரக் கோடுகள், ஐந்து.

விட்டுப்போகிறவர்கள் எதை விடுகிறார்கள் என்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு என்பார் இன்னொரு தொல்லியலாளர் ஷிஃபர். கனமானது, மலிவானது, மறுபடி செய்துகொள்ளக் கூடியது நிற்கும். எவ்வளவு தூரம், எவ்வளவு அவசரம், வண்டி உண்டா என்பதைப் பொறுத்து மாறும். அம்மி இதில் சரியாகப் பொருந்துகிறது. அப்படியானால் குழவி?

நவம்பர் 16
சோதித்துவிட்டேன். கனம்தான் காரணமென்றால், வண்டி வந்தால் அம்மி ஏற வேண்டும். தம்பி லொறி பிடித்துவிட்டான், தூக்க நாலு பேர், இடமும் இருக்கிறது. அம்மா அம்மியைத் தொடவிடவில்லை.

பொய்த்தது என்று எழுதினேன், உடனே அடித்தேன். புது வீட்டு டைல்ஸ் தரையில் அம்மி போட இடமில்லை. கரண்ட் வந்தால் மிக்ஸி. ஒரு காரணத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துச் சோதிக்க முடியவில்லை. எதைத் தட்டினாலும் பின்னால் இன்னும் மூன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன.

நவம்பர் 17
இன்று கேட்காமலே அம்மா சொன்னது: "குழவி எங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்தது. அம்மி இங்க வந்தப்பவே இந்த வீட்டுல கெடந்துச்சு. யார் போட்டதோ. வீட்டுப் பொருள எப்பிடிப் புள்ள எடுத்துட்டுப் போறது?"

எங்களுக்கு முன்னால் இங்கே யாரோ அரைத்திருக்கிறார்கள். அம்மியின் நடுப்பள்ளம் அம்மா ஒருத்தியின் கையால் ஆனதில்லை. கையை வைத்துப் பார்த்தேன், என் நாலு விரலும் முழுசாக இறங்குகின்றன. பொருளுக்கு அர்த்தம் உண்டு, அதைத் தள்ளிவிட்டு வெறும் விதிகளால் விளக்க முடியாதென்று தொல்லியலாளர் ஹோடர் எழுதியதையெல்லாம் நான் பரீட்சைக்காகப் படித்தேன். தோண்டுகிறவன் கையில் குழவி இல்லாத அம்மிதான் வரும். உடைந்திருக்கும், தொலைந்திருக்கும் என்று எழுதுவான். அம்மா சொன்னது மண்ணில் எங்கே பதிந்திருக்கும்? பதியுமா? அந்தப் பிறைக்கல்லையும் யாரோ இப்படித்தான் ஒரு காரணத்தோடு விட்டுப் போனார்களா?

இதை மேடத்திடம் கேட்க வேண்டும்.

நவம்பர் 18
விரிசலில் இரண்டு விரல்.

நவம்பர் 19
சாவி வந்துவிட்டது. லொறி நாளை விடியற்காலை. அம்மா அம்மியைக் கழுவி, மஞ்சள் பூசி, சுவரோரம் நிமிர்த்தி வைத்திருக்கிறது. அளவு எடுக்கலாமா என்று கேட்டேன். டேப்பின் மறுமுனையை அம்மாவே பிடித்துக்கொண்டது.