அந்த ஆட்டம்

"அந்த ஆட்டம் எங்கண்ணா போச்சு?" என்று பாடுகிற பையன் கேட்டான், நான் மிக்ஸிங் செய்து கொடுத்த பாட்டைக் கேட்டுவிட்டு. "எந்த ஆட்டம்?" என்றேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன்.

காசிமேட்டுப் பசங்க நாலு பேர். டோலக், சட்டி, புல்புல்தாரா, ஆர்மோனியம். கானாவில் ஊறிய குரல், ஆனால் ராத்திரியெல்லாம் கேட்பது அறுபதுகளின் சைகடெலிக் ஃபோக், அதாவது நாட்டுப்பாட்டோடு கனவு மாதிரி விசித்திர ஒலிகளைக் கலந்த மேற்கத்திய இசை. இன்க்ரெடிபிள் ஸ்டிரிங் பேண்ட் என்ற ஸ்காட்லாந்துக் குழு 1966-ல் எளிமையாக ஒரு இசைத்தட்டு போட்டுவிட்டு, அடுத்த வருடமே சிதார், தம்புரா என்று விரிந்த கதையை எனக்குச் சொன்னதே பாடுகிற பையன்தான். முதல் பதிவில் எல்லாம் இருக்க வேண்டியதில்லை, நம்ம சத்தம் மட்டும் இருந்தால் போதும் என்பான்.

மிக்ஸிங்குக்கு, அதாவது பதிவான ஒலிகளைச் சீராக்கிக் கலப்பதற்கு, அவர்கள் என்னிடம் கொண்டுவந்தது ஒரு கேசட். யாரிடமோ பழையதாக வாங்கிய டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ என்ற கேசட் பதிவுக் கருவியில், வீட்டு மாடியில் பதிவு செய்தது. 1979-ல் முதன்முதலாக வந்த மாடல். சாதாரண கேசட்டிலேயே 4 டிராக், அதாவது தனித்தனியாகப் பதிய நாலு தடம். ஒரே திசையில், இரட்டை வேகத்தில் ஓடுவதால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும். 3 டிராக்கை நிரப்பி, 4-வதில் கலந்து இறக்கி, காலியான மூன்றில் மறுபடி வாசித்திருந்தார்கள். அப்படிக் கலந்ததை அப்புறம் பிரிக்க முடியாது.

மாடிக்கு எதிரே டிரான்ஸ்பார்மர். கேசட் முழுக்க அதன் முனகல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று; டிரான்ஸ்பார்மர் முனகுவது அதன் இரட்டிப்பில், 100-ல். நான் 50, 100, 150 மூன்று இடத்திலும் அந்தந்த ஒலியைக் குறைக்கும் ஃபில்டர் போட்டு ஆழமாக வெட்டினேன். குரல் மேலே எழுந்து வந்தது. தாத்தாவுக்காகக் கட்டிய சாவுப் பாட்டு அது. ஒவ்வொரு சொல்லும் துல்லியமாக விழுந்தது. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அந்த ஆட்டம் எதுவென்று பாடுகிற பையன் பொறுமையாக விளக்கினான். ஆர்மோனியத்தில் அவர்கள் பிடித்திருந்த கீழ் சுருதி கிட்டத்தட்ட 98 ஹெர்ட்ஸ். அதோடு 100 சேரும்போது விநாடிக்கு இரண்டு தடவை ஒலி ஏறி இறங்கும். "கட்டிப்போட்ட படகு ஆடுற மாதிரி இருக்கும்ணா. டோலக்கே அதப் புடிச்சுதான் வாசிச்சான்."

நான் சொன்ன பதில் இது: "ரேடியோல போட்டா ஒயரிங் கோளாறுன்னு சொல்லுவாங்க தம்பி."

"சரிண்ணா" என்றான்.

அசல் கோப்பு என் டிஸ்கில் பத்திரமாக இருந்தது. திரும்ப வைப்பது பத்து நிமிட வேலை. வைக்கவில்லை. கானாவில் சொல் போய்விட்டால் என்ன மிச்சம்? பாட்டு வெளியானதும் அவன் அம்மா என்னிடம், "இப்பதான் அவன் இன்னா பாடுறான்னே புரியுதுப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் நான் வெட்டிய பதிப்பில் டோலக் எதையோ தேடுவது போல இருக்கிறது. தாளம் தப்பவில்லை, சாய்ந்துகொள்ளத்தான் ஒன்றுமில்லை. இன்று மறுபடி கேட்டாலும் அங்கேதான் காது போய் நிற்கிறது.

அடுத்த பதிவையும் அதே மாடியில் செய்தார்கள். இந்த முறை ஒரு மைக்கை டிரான்ஸ்பார்மர் பக்கமே திருப்பி வைத்தார்களாம். மிக்ஸிங்குக்கு என்னிடம் வரவில்லை. காசு காரணமாகக்கூட இருக்கலாம். கேட்டேன். பாதிச் சொற்கள் முனகலில் மூழ்கிவிடுகின்றன. நானாக இருந்தால் இப்போதும் கொஞ்சம் குறைத்திருப்பேன். ஆனால் மூன்றாவது பாட்டில் குரல் நின்ற பிறகும் அந்த ஆட்டம் மட்டும் ஓடுகிறது. அந்த இடத்தில் கை வைக்க எனக்கு மனசு வந்திருக்காது.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. என் ஃபில்டர் அகலமாக விழுந்ததில் 98-லும் பாதி போயிருந்தது. ஆர்மோனியப் பையனின் சுருதி அது. "சரிண்ணா" சொல்வதற்கு முன் பாடுகிறவன் திரும்பி அவனைத்தான் பார்த்தான். அவன் என் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தான், மடியில் வைத்த விரல்கள் அந்தக் கட்டையை அழுத்துவது போல மெதுவாக அசைந்தபடி. அதை நான் பார்த்தேன்.